தலையில் சிறிய வெட்டுக்காயம்: வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாமா, மருத்துவரிடம் போக வேண்டுமா?

நிலைப்படியில் இடித்துக்கொண்டது, மேசை முனை குத்தியது, குளியலறையில் வழுக்கி விழுந்தது, பரணிலிருந்து பாத்திரம் விழுந்தது என்று தலையில் அடிபடாத ஆள் இருக்கும் வீடே அரிது. இத்தகைய காயங்களில் பெரும்பாலானவை தையலோ ஸ்கேனோ இல்லாமல் ஆறிவிடும். மிகச் சில மட்டும் வெளியே ஒரு கீறலைக் காட்டிவிட்டு உள்ளே உயிராபத்தை வைத்திருக்கும். இவற்றைப் பிரித்தறிய இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். தோல் தானாகச் சேருமா என்பது ஒன்று. மண்டைக்குள் ஏதேனும் ஆகியிருக்குமா என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் ஒன்றாக்கிப் பார்ப்பதால்தான் சிலர் வீணாகப் பதறுகிறார்கள், சிலர் ஆபத்தான அலட்சியம் காட்டுகிறார்கள். கீழே இருப்பவை பொதுவான வழிகாட்டல். காயத்தை நேரில் பார்க்கும் மருத்துவர் வேறு சொன்னால் அவர் சொல்வதையே கேட்க வேண்டும்.

காயம் ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது. ஆனால் சட்டை முழுக்க ரத்தம். இது ஆபத்தின் அறிகுறியா?

பெரும்பாலும் இல்லை. உச்சந்தலையின் மேலுறை ஐந்து அடுக்குகளால் ஆனது. தோலுக்கு அடுத்தபடியாக இருக்கும் அடர்த்தியான நார்த்திசுவில்தான் ரத்தக்குழாய்கள் நெருக்கமாக ஓடுகின்றன. கையிலோ காலிலோ வெட்டுப்பட்டால் அறுந்த குழாய் சுருங்கி உள்ளே இழுத்துக்கொள்ளும். தலையில் அந்த நார்கள் குழாயின் சுவரை நாலாபுறமும் பிடித்துக்கொண்டிருப்பதால் அறுந்த வாய் மூடாமல் திறந்தே இருக்கும். அதனால்தான் நகக்கண் அளவு வெட்டுக்கும் முகமெல்லாம் ரத்தம் வழிகிறது. வியர்வையும் தண்ணீரும் சேர்ந்தால் அது இன்னும் பன்மடங்காகத் தெரியும்.

ஆகவே ரத்தத்தின் அளவைக் கொண்டு காயத்தின் ஆழத்தையும் கணிக்க முடியாது, மூளைக்கு அடிபட்டதா என்பதையும் கணிக்க முடியாது. இதன் மறுபக்கத்தைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்: ஒரு சொட்டு ரத்தம்கூட வராத ஊமையடி, ரத்தம் கொட்டிய காயத்தைவிட மோசமானதாக இருக்கலாம்.

விதிவிலக்கு கைக்குழந்தைகள். குழந்தையின் உடலில் ஒரு கிலோ எடைக்குச் சுமார் 80 மில்லிலிட்டர் ரத்தமே இருக்கும். எட்டுக் கிலோ குழந்தைக்கு மொத்தமே முக்கால் லிட்டருக்கும் குறைவு என்பதால், பெரியவருக்குப் பொருட்டாகாத ரத்த இழப்பு குழந்தைக்குப் பெரிதாகிவிடும்.

ரத்தத்தை நிறுத்த முதலில் என்ன செய்ய வேண்டும்?

அடிபட்டவரை உட்கார வைத்து, சுத்தமான துணியையோ காஸ் துணியையோ மடித்துக் காயத்தின் மேல் வைத்து, உள்ளங்கையால் விடாமல் அழுத்த வேண்டும். பத்து முதல் பதினைந்து நிமிடம் வரை, கடிகாரத்தைப் பார்த்து. நடுவில் "நின்றுவிட்டதா" என்று எடுத்துப் பார்க்கும் ஆசைதான் பெரும்பாலான முதலுதவிகளைக் கெடுக்கிறது. எடுத்த கணத்தில், உறையத் தொடங்கிய ரத்தம் துணியோடு பெயர்ந்து வந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். துணி நனைந்துவிட்டால் அதன் மேலேயே இன்னொன்றை வைத்து அழுத்தலாம்.

ரத்தம் நின்ற பிறகு நல்ல வெளிச்சத்தில் முடியை வகிடு பிரிப்பதுபோல் விலக்கிப் பார்க்க வேண்டும். உறைந்த ரத்தம் முடிக்கற்றைகளை ஒட்டிவைத்திருக்கும் என்பதால், ஈரத்துணியால் ஒற்றி ஒற்றி நெகிழ்த்தினால்தான் காயத்தின் உண்மையான நீளம் தெரியும். ஒரே காயம் என்று நினைத்த இடத்துக்கு இரண்டு விரல் தள்ளி இன்னொன்று இருப்பதும் உண்டு.

அடிபட்ட இடம் குழிந்திருந்தாலோ, தொட்டால் எலும்பு நொறுநொறுவென்று அசைவதுபோல் இருந்தாலோ, உள்ளே ஏதாவது குத்திக்கொண்டு நின்றாலோ, அந்த இடத்தின் மேல் நேராக அழுத்தக் கூடாது. குத்தியிருப்பதைப் பிடுங்கவும் கூடாது. தளர்வாகத் துணி சுற்றிவிட்டு 108-ஐ அழைப்பதே சரி. உயரத்திலிருந்து விழுந்தவர், வாகன விபத்தில் சிக்கியவர், கழுத்து வலிப்பதாகச் சொல்பவர் ஆகியோரை எழுப்பி உட்கார வைக்காமல், கழுத்து அசையாதபடி கிடந்த நிலையிலேயே வைத்திருக்க வேண்டும். அவர் வாந்தி எடுத்தாலோ மூச்சுவிடச் சிரமப்பட்டாலோ மட்டும், தலையும் கழுத்தும் உடலும் ஒரே நேர்கோட்டில் திரும்புமாறு ஒருக்களிக்க வேண்டும்.

காபித்தூள், மஞ்சள், சுண்ணாம்பு வைத்து அழுத்தலாமா?

வேண்டாம். காபித்தூள் வைத்ததும் ரத்தம் நிற்பதுபோல் தோன்றுவது உண்மைதான். ஆனால் நிறுத்துவது தூள் அன்று, அதை வைத்து அழுத்திய கைதான். பிறகு மருத்துவமனையில், நார்த்திசுவுக்குள் புகுந்து ஒட்டிக்கொண்ட தூளை ஒவ்வொன்றாகக் கழுவி எடுத்த பிறகே தையல் போட முடியும். அந்தக் கழுவல் தையலைவிட அதிகம் வலிக்கும். சுண்ணாம்பு திசுவையே பொசுக்கும். வெட்டுக்காயப் பூண்டின் சாற்றை வயலில் வேலை செய்பவர்கள் காலங்காலமாகப் பிழிந்து விட்டுவந்திருக்கிறார்கள். ஆனால் மண்ணோடு பறித்த இலையைத் தலைக்காயத்தில் வைக்கும்போது கூடவே போகும் கிருமிகளுக்கு யாரும் பொறுப்பேற்க முடியாது.

கரூர் மாவட்டம் மேட்டுமகாதானபுரம் மகாலட்சுமி அம்மன் கோயிலில் ஆடிப்பெருக்கை ஒட்டி நேர்த்திக்கடனாகப் பக்தர்களின் தலையில் தேங்காய் உடைக்கிறார்கள். அதில் மண்டை உடைபவர்களும் உண்டு. அந்தக் காயத்துக்கும் விதி இதுவேதான்: நம்பிக்கை அவரவர் உரிமை, ஆனால் திறந்த காயத்துக்குள் திருநீறும் மஞ்சளும் போகாமல் இருப்பது நல்லது.

கழுவுவதற்குக் குடிக்கத் தகுந்த குழாய்த் தண்ணீரே போதும், நிறைய ஊற்றிக் கழுவினால். ஸ்பிரிட்டையும், தண்ணீர் கலக்காத டெட்டாலையும், ஹைட்ரஜன் பெராக்சைடையும் காயத்துக்குள் ஊற்றினால் கிருமியோடு சேர்ந்து ஆறவேண்டிய திசுவும் கெடும்.

எந்த அறிகுறிகள் இருந்தால், காயம் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்?

அடிபட்டவுடன் ஒரு நொடியாவது நினைவு தப்பியிருந்தால் போக வேண்டும். "எப்படி விழுந்தேன் என்றே தெரியவில்லை" என்று சொன்னாலும் அது நினைவு தப்பியதற்குச் சமம். கேட்ட கேள்வியையே மறுபடி மறுபடி கேட்பது, இடமும் நாளும் தெரியாமல் குழம்புவது, பேச்சு குழறுவது, ஒரு கையோ காலோ வலுவிழப்பது, நடை தள்ளாடுவது, வலிப்பு வருவது, பார்வை இரட்டையாகத் தெரிவது, ஒரு கண்மணி மற்றொன்றைவிடப் பெரிதாக இருப்பது ஆகிய எதுவும் வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடியதன்று. காதிலிருந்தோ மூக்கிலிருந்தோ தண்ணீர்போல் தெளிந்த திரவமோ ரத்தமோ ஒழுகினால் மண்டையோட்டின் அடிப்பகுதியில் விரிசல் விழுந்திருக்கலாம். காதின் பின்புறம் நீலம் பாரிப்பதும் அதே சந்தேகத்தைத் தரும். ஆனால் அது தெரியவே பல மணி நேரம் ஆகும்.

ஒரே ஒரு முறை வாந்தி எடுப்பது, குறிப்பாகக் குழந்தைகளில், பயத்தாலும் அழுகையாலும்கூட வரலாம். திரும்பத் திரும்ப எடுத்தால் காத்திருக்கக் கூடாது. தலைவலியும் அப்படித்தான். அடிபட்ட இடம் வலிப்பது இயல்பு. மாத்திரைக்கும் அடங்காமல் மணிக்கு மணி ஏறிக்கொண்டே போகும் வலி இயல்பன்று.

இதில் ஏமாற்றக்கூடிய ஒரு கட்டமும் உண்டு. கன்னப்பொறியில், அதாவது கண்ணுக்கும் காதுக்கும் நடுவே, மண்டையெலும்பு மெல்லியது. அதன் உட்புறத்தை ஒட்டி ஒரு தமனி ஓடுகிறது. அங்கே எலும்பில் விரிசல் விழுந்து தமனி கிழிந்தால், அடிபட்டவர் முதலில் சற்று மயங்கி, பிறகு எழுந்து உட்கார்ந்து, தேநீர் குடித்து, "ஒன்றும் இல்லை" என்று நன்றாகப் பேசிவிட்டு, சில மணி நேரத்தில் மறுபடி மயக்கத்தில் ஆழ்ந்துவிடுவார். அந்த இடைவேளையில் எலும்புக்கும் மூளையுறைக்கும் நடுவே ரத்தம் சேர்ந்துகொண்டிருக்கும். உரிய நேரத்தில் அறுவைச் சிகிச்சை செய்தால் முழுதாகப் பிழைக்கக்கூடிய நிலை இது. "நன்றாகத்தானே பேசினார்" என்று வீட்டில் தூங்க வைத்துவிட்டால் அந்த வாய்ப்பு போய்விடும்.

அடி எப்படிப்பட்டது என்பதை மருத்துவர்கள் ஏன் துருவித் துருவிக் கேட்கிறார்கள்?

காயத்தின் தோற்றத்தைவிட, விழுந்த உயரமும் வேகமும் உள்ளே நடந்திருப்பதை நன்றாகச் சொல்லும் என்பதால். பெரியவர்களுக்கு ஸ்கேன் தேவையா என்று தீர்மானிக்க உலகம் முழுவதும் பயன்படும், கனடாவில் 2001-இல் வெளியான விதிமுறையில், மூன்றடிக்கு மேற்பட்ட உயரத்திலிருந்தோ ஐந்து படிகளிலிருந்தோ விழுவதும், நடந்து செல்கையில் வாகனம் மோதுவதும், வாகனத்திலிருந்து தூக்கி எறியப்படுவதும் ஆபத்தான அடிகளாகக் கொள்ளப்படுகின்றன. குனிந்து நிமிர்கையில் அலமாரிக் கதவில் இடித்துக்கொண்டவரையும், ஓடும் பைக்கின் பின்னிருக்கையிலிருந்து ஹெல்மெட் இல்லாமல் விழுந்தவரையும், இருவருக்கும் இரண்டு சென்டிமீட்டர் வெட்டுத்தான் என்பதற்காக ஒரே தட்டில் வைக்க முடியாது. தென்னை மரத்திலிருந்து விழுந்த மட்டையோ காயோ பட்டவர் இரண்டாமவரின் பக்கம் சேர்வார்.

தலைக்குள் ஒன்றும் ஆகவில்லை என்று வைத்துக்கொள்வோம். தையல் தேவையா என்பதை எப்படி முடிவு செய்வது?

ரத்தம் நின்ற பிறகு காயத்தின் இரு விளிம்புகளையும் பார்க்க வேண்டும். விளிம்புகள் தாமாகவே ஒட்டிக்கொண்டு, கோடுபோல் மட்டும் தெரிந்தால், சிராய்ப்பும் ஆழமில்லாத கீறலும் போலவே அதுவும் தானாக ஆறும். வாய் பிளந்து நின்றாலோ, தலையை அசைக்கும்போதும் புருவத்தை உயர்த்தும்போதும் திறந்துகொண்டாலோ, மூட வேண்டிய காயம் அது. ஒன்றிரண்டு சென்டிமீட்டருக்கு மேற்பட்டதையும், பதினைந்து நிமிட அழுத்தத்துக்குப் பின்னும் கசிவதையும் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.

நீளத்தைவிட ஆழம் முக்கியம். நார்த்திசுவுக்குக் கீழே வெண்மையான, தடித்த சவ்வு ஒன்று நெற்றியிலிருந்து பிடரி வரை தலையைத் தொப்பிபோல் மூடியிருக்கிறது. அதுவும் கிழிந்தால்தான் காயம் அகலமாகப் பிளக்கும். அதற்கும் கீழே இருப்பது தளர்வான அடுக்கு. அங்கே போய்ச் சேரும் ரத்தமும் சீழும் தலை முழுவதும் தடையின்றிப் பரவும். அதோடு, எலும்பைத் துளைத்துக்கொண்டு மண்டைக்குள் போகும் நுண்சிரைகள் அந்த அடுக்கின் வழியே செல்வதால் தொற்று உள்ளே இறங்கவும் வழி உண்டு. இக்காரணத்தால் மருத்துவர் விரல்விட்டுத் தடவிப் பார்த்து, சவ்வு கிழிந்திருந்தால் அதற்குத் தனியாகவும் தோலுக்குத் தனியாகவும் தையல் போடுவார். காயத்துக்குள் வெள்ளையாக ஏதாவது தெரிந்தால், அளவைப் பற்றி யோசிக்காமல் போய்விடலாம்.

கண்ணாடி உடைந்து வெட்டியிருந்தால் அதையும் சொல்ல வேண்டும். முடிக்குள் மறைந்த கண்ணாடித் துணுக்கு கைக்குத் தட்டுப்படாவிட்டாலும் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியும்.

தலைமுடியை மழித்துவிடுவார்களா? தையலுக்கு மாற்று ஏதாவது உண்டா?

முழுதாக மழிக்கத் தேவையில்லை. விளிம்பை மறைக்கும் முடியைக் கத்தரித்தாலே போதும், பல நேரங்களில் ஒதுக்கிவைத்தாலே போதும். மரத்துப்போகும் ஊசி போட்டுச் சில தையல்கள் போடுவது வழக்கமான முறை. ஸ்டேப்ளர் முள் போடுவது அதைவிட வேகமானது.

முடி மூன்று சென்டிமீட்டருக்குக் குறையாமல் இருந்தால் இன்னொரு வழியும் உண்டு. காயத்தின் இருபுறமும் சில முடிகளைப் பிடித்து, ஒன்றன் மேல் ஒன்றாக ஒரு முறுக்கு முறுக்கி, முறுக்கிய இடத்தில் ஒரு சொட்டு மருத்துவப் பசை வைத்தால் விளிம்புகள் சேர்ந்துவிடும். சிங்கப்பூர் மருத்துவர்கள் 2002-இல் இதைத் தையலோடு ஒப்பிட்டு ஆய்ந்து நல்ல பலனைக் கண்டார்கள். ஊசி இல்லை, பிரிக்க வர வேண்டியதும் இல்லை; ஊசியைக் கண்டாலே அழுது ஊரைக் கூட்டும் குழந்தைகளுக்கு இதைவிட நல்ல வழி இல்லை என்பது என் எண்ணம். அழுக்கான காயத்துக்கும், ரத்தம் நிற்காத காயத்துக்கும் இது ஆகாது. கடையில் விற்கும் உடனடிப் பசையை வாங்கி வீட்டில் முயல்வதோ எந்தக் காயத்துக்கும் கூடாது.

நேற்று இரவு அடிபட்டது. இன்று காலையில் தையல் போட முடியுமா?

தலையிலும் முகத்திலும் ரத்த ஓட்டம் நன்றாக இருப்பதால், மற்ற இடங்களைவிட இங்கே தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். சுத்தமான காயமாக இருந்தால் 24 மணி நேரம் வரையிலும் மூடுவதுண்டு. ஆனால் ஆறு மணி நேரத்துக்குள் போவது நல்லது. அதற்கு மேல் ஆகிவிட்டது என்பதற்காகப் போகாமல் இருந்துவிட வேண்டாம்; மூடுவதா, சுத்தம் செய்து திறந்தே ஆறவிடுவதா என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

நெற்றியிலும் புருவத்திலும் பட்ட காயத்துக்கும் இதே விதியா?

இல்லை. முடிக்குள் இருக்கும் தழும்பு யாருக்கும் தெரியாது. நெற்றித் தழும்பு வாழ்நாள் முழுக்கக் கூட வரும். அதனால் முகத்தில் சிறிய பிளவையும் காட்டிவிடுவதே நல்லது. புருவத்தில் வெட்டுப்பட்டால் முடியை மழிக்க யாரையும் விடக் கூடாது. அது சரியாக வளராமல் போகலாம் என்பது ஒன்று. மழித்துவிட்டால் இரு விளிம்புகளையும் நேர்கோட்டில் சேர்க்க அடையாளம் இராது என்பது மற்றொன்று. முகத்தையல்களை ஐந்து நாள் வாக்கில் பிரித்துவிடுவார்கள். தலைத் தையல்களுக்கு ஏழு முதல் பத்து நாள் ஆகும்.

குழந்தை கட்டிலிலிருந்து விழுந்து தலையில் வெட்டுப்பட்டுவிட்டது. எதைக் கவனிக்க வேண்டும்?

விழுந்தவுடன் வீறிட்டு அழுது, எடுத்துக் கொஞ்சியதும் அடங்கி, சற்று நேரத்தில் பால் குடித்து, பொம்மையைத் தேடினால் அது நல்ல அறிகுறி. அழாமல் துவண்டுபோவது, தாயின் முகத்தைப் பார்த்தும் பாராததுபோல் இருப்பது, தேற்றவே முடியாமல் மணிக்கணக்கில் சிணுங்குவது, பாலை மறுப்பது, உச்சிக்குழி புடைத்திருப்பது ஆகியவை கெட்ட அறிகுறிகள். "எப்போதும்போல் இல்லை" என்று தாயோ பாட்டியோ சொன்னால், அதற்குக் காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும், அதை மருத்துவர்கள் ஒரு அறிகுறியாகவே எடுத்துக்கொள்கிறார்கள்.

இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மூன்றடிக்கு மேலிருந்தும், அதற்கு மேற்பட்ட வயதுக் குழந்தைக்கு ஐந்தடிக்கு மேலிருந்தும் விழுவது ஆபத்தான வீழ்ச்சி. கட்டில் பெரும்பாலும் மூன்றடிக்குக் கீழேதான். ஆனால் தோளில் வைத்திருந்தவர் கையிலிருந்து நழுவினால் அது மூன்றடியைத் தாண்டிவிடும். கைக்குழந்தைக்கு நெற்றியில் வரும் புடைப்பைவிட, பக்கவாட்டிலோ பின்தலையிலோ மெத்தென்று வீங்கும் புடைப்பு அதிகக் கவலைக்குரியது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தலையில் அடிபட்டால், காயம் எவ்வளவு சிறியதானாலும், ஒரு முறை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

அடிபட்ட குழந்தையைத் தூங்க விடக்கூடாது என்கிறார்களே?

இது பாதி சரி. தூக்கம் மூளையைக் கெடுப்பதில்லை; தூங்கும்போது ஏற்படும் மாற்றம் கண்ணில் படாமல் போகும் என்பதுதான் பயம். விழுந்த பிறகு ஓரிரு மணி நேரம் விழித்திருக்கச் செய்து, வழக்கம்போல் இருக்கிறது என்று உறுதியான பின், தூங்கும் நேரத்தில் தாராளமாகத் தூங்க விடலாம். அன்றிரவு இடையிடையே மூச்சு சீராக இருக்கிறதா, தொட்டால் சிணுங்கிப் புரள்கிறதா என்று பார்த்தால் போதும். எழுப்பியும் எழவில்லை என்றால் அது தூக்கம் அன்று. உடனே கிளம்ப வேண்டும்.

தாத்தாவுக்கு 72 வயது. நிலைப்படியில் தலை இடித்துச் சின்னக் கீறல்தான். இதய நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறார்.

இந்தக் கேள்விக்கு மட்டும் "பார்த்துக்கொள்ளலாம்" என்று பதில் சொல்லவே கூடாது. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு மூளை சற்றுச் சுருங்கியிருப்பதால், மூளைக்கும் உறைக்கும் நடுவே பாலம்போல் செல்லும் சிரைகள் இழுபட்டு நிற்கும். சிறிய அதிர்ச்சிக்கே அவை அறுந்துவிடலாம். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின், அசிட்ரோம், அபிக்ஸாபான், ரிவராக்ஸாபான், டாபிகாட்ரான், க்ளோபிடோக்ரல் ஆகியவற்றில் எதையேனும் சாப்பிடுபவராக இருந்தால், எந்த அறிகுறியும் இல்லாவிட்டாலும் அன்றைக்கே ஸ்கேன் வசதி உள்ள மருத்துவமனையில் காட்ட வேண்டும். ஆஸ்பிரின் மட்டும் சாப்பிடுபவருக்கு ஆபத்து குறைவுதான், ஆனாலும் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். மாத்திரை அட்டையையே கையில் எடுத்துக்கொண்டு போவது நல்லது. "வெள்ளை மாத்திரை, காலையில் ஒன்று" என்ற விவரம் அவசரப் பிரிவில் யாருக்கும் உதவாது. அதே சமயம் பயந்துகொண்டு மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடக் கூடாது. இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவருக்கோ செயற்கை வால்வு பொருத்தியவருக்கோ அதுவே உயிருக்கு உலையாகலாம்.

அன்று எடுத்த ஸ்கேன் சரியாக இருந்தாலும் விஷயம் அதோடு முடிவதில்லை. முதியவர்களில் ரத்தம் மெல்ல மெல்லக் கசிந்து, இரண்டு மூன்று வாரங்களுக்குப் பின்னும் வெளிப்படலாம். நடை தள்ளாடுவது, பேச்சு குறைவது, பகலெல்லாம் உறங்குவது, வேட்டி நனைவது தெரியாமல் இருப்பது ஆகியவற்றை "வயதாகிவிட்டது" என்று தள்ளிவிடாமல், முன்பு பட்ட அடியை நினைவுபடுத்தி மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

இன்னொன்று: அவர் ஏன் விழுந்தார்? தடுக்கி விழுந்தாரா, தலை சுற்றி விழுந்தாரா? சர்க்கரை இறங்கியோ, இதயத் துடிப்பு தவறியோ விழுந்திருந்தால் காயத்தைவிட அதுதான் பெரிய நோய்.

குடித்துவிட்டு விழுந்தவர் பிதற்றுகிறார், தூங்குகிறார். போதை தெளியட்டும் என்று காத்திருக்கலாமா?

கூடாது. போதையும் மூளைக்காயமும் ஒரே மாதிரி அறிகுறிகளைத் தருபவை. இரண்டில் எது என்று வீட்டிலிருந்து யாராலும் சொல்ல முடியாது.

டி.டி. ஊசி (டெட்டனஸ் தடுப்பூசி) போட வேண்டுமா?

கடைசியாக எப்போது போட்டீர்கள் என்பதைப் பொறுத்தது. முழுத் தடுப்பூசியும் போட்டவருக்குச் சுத்தமான சிறு காயம் என்றால், பத்தாண்டு கடந்திருந்தால் மட்டும் ஓர் ஊசி தேவை; மண், சாணம், துரு, சாக்கடை பட்ட காயம் என்றால் ஐந்தாண்டு கடந்திருந்தாலே தேவை. அட்டவணைப்படி 10, 16 வயதுகளில் போட்டுக்கொண்ட பிள்ளைகளுக்கு ஒவ்வொரு சிராய்ப்புக்கும் மறுபடி போட வேண்டியதில்லை. எப்போது போட்டோம் என்றே தெரியாதவர் போட்டுக்கொள்வதே நல்லது; அதற்காக 24 மணி நேரம் தாண்டிவிட்டதே என்று விட்டுவிட வேண்டாம்.

குரங்கு தலையில் கீறிவிட்டது. நாய் பாய்ந்ததில் பல் பட்டுவிட்டது.

இது வேறு கணக்கு. ரத்தம் கசிந்த கீறலாக இருந்தாலே வெறிநோய்க்கான முழுச் சிகிச்சை வேண்டும். தலைக்காயம் மூளைக்கு அருகில் இருப்பதால் தாமதமும் கூடாது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசியோடு காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் ஊசியையும் கேட்டுப் போட்டுக்கொள்ள வேண்டும். இத்தகைய காயத்தை உடனே தைப்பதில்லை. தவிர்க்க முடியாவிட்டால் அந்த ஊசிக்குப் பின்னரே தைப்பார்கள்.

எல்லோருக்கும் ஸ்கேன் எடுக்க வேண்டுமா? சும்மா ஓர் எக்ஸ்ரே எடுத்தால் போதாதா?

எக்ஸ்ரே எலும்பைக் காட்டும், மூளையைக் காட்டாது. மண்டைக்குள் ரத்தம் இருக்கிறதா என்று அறிய சி.டி. ஸ்கேன்தான் வேண்டும். ஆனால் மேலே சொன்ன அறிகுறிகளோ ஆபத்தான அடியோ இல்லாதவருக்கு, மன நிம்மதிக்காக மட்டும் அதை எடுப்பது, குறிப்பாகக் குழந்தைகளுக்கு, வீண் கதிர்வீச்சு. சில மணி நேரம் கண்காணிப்பில் வைத்திருக்கிறோம் என்று மருத்துவர் சொன்னால் அது அலட்சியம் இல்லை, அதுவும் சிகிச்சைதான்.

மருத்துவமனைக்குப் போனால் போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயமாக இருக்கிறதே?

விபத்திலும் அடிதடியிலும் பட்ட காயங்களை அரசு மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டில் (ஏ.ஆர்.) எழுதுவார்கள். காவல் நிலையத்துக்கும் தகவல் போகும். அது காயத்தின் பதிவுதானே தவிர, யார் மீதும் குற்றச்சாட்டு ஆகாது. பின்னாளில் இழப்பீடு கோர வேண்டி வந்தால் அந்த ஏ.ஆர். நகல்தான் ஆதாரம். சாலையில் அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு வருபவருக்கு, 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு பாதுகாப்புத் தருகிறது. பெயர் சொல்ல வேண்டும் என்றுகூட அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. செலவுக்குப் பயந்தும் தயங்க வேண்டாம். தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டத்தில், சாலை விபத்தில் காயமடைந்தவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை அதில் சேர்ந்த மருத்துவமனைகளில் இலவசம்.

நெற்றியில்தான் அடிபட்டது. மறுநாள் கண்ணிமை வீங்கிக் கறுத்துவிட்டது. ஏன்?

நெற்றித் தசைக்கு முன்பக்கம் எலும்பில் பிடிப்பு இல்லை. அதனடியில் சேர்ந்த ரத்தம் மெல்லக் கீழிறங்கி இமையில் தங்கும். நாளாக ஆக நீலம் பச்சையாகி, மஞ்சளாகி மறையும். பார்வை தெளிவாக இருந்தால் இதில் அஞ்ச ஒன்றுமில்லை. நெற்றியில் அடியே படாமல், விழுந்த சில மணி நேரத்தில் இரண்டு கண்களைச் சுற்றியும் கறுத்தால் மட்டும் உடனே காட்ட வேண்டும்.

தையல் போட்ட பிறகு வீட்டில் என்ன கவனிக்க வேண்டும்?

வலிக்குப் பாராசிட்டமால் போதும். உள்ளே கசிவு இல்லை என்று உறுதியாகும் வரை ஆஸ்பிரினும் இப்யூபுரூஃபனும் வேண்டாம். முதல் ஒரு நாள் நனைக்காமல் இருந்து, இரண்டாம் நாள் முதல் மெல்லத் தலைக்குக் குளிக்கலாம். ஊறவைக்கவும் தேய்க்கவும் கூடாது. சீயக்காய்த் தூள், எண்ணெய், முடிச்சாயம் மூன்றும் தையல் பிரித்துச் சில நாள் ஆகும் வரை தள்ளியிருக்கட்டும். இரண்டு நாளுக்குப் பின் வலி குறைவதற்குப் பதிலாகக் கூடினாலோ, விளிம்பு சிவந்து வெம்மையாகிச் சீழ் வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ, குறித்த நாளுக்குக் காத்திராமல் திரும்பப் போக வேண்டும். சர்க்கரை நோயாளிகள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

தையலோடு ஹெல்மெட் போடலாமா?

உள்ளுறை காயத்தில் உரசினால் தையல் இழுபடும் என்பதால், பிரிக்கும் வரை வண்டி ஓட்டாமல் பேருந்திலோ ஆட்டோவிலோ போவது நல்லது. ஹெல்மெட் இல்லாமல் ஓட்டுவது இதற்குத் தீர்வாகாது. தலைசுற்றலோ மந்தமோ இருக்கும் வரை எப்படியும் ஓட்டக் கூடாது. அந்த விபத்தில் அடிவாங்கிய ஹெல்மெட், வெளியே ஒரு கீறல் மட்டும் தெரிந்தாலும், உள்ளிருக்கும் தெர்மாகோல் ஒரு முறை நசுங்கிவிட்டால் மறுபடி தாங்காது என்பதால், அதைக் கழித்துவிட்டு ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள புதியதை வாங்க வேண்டும்.